பிள்ளையின் எடையும் பிள்ளைத்தமிழும்

பிள்ளைத்தமிழை வகுப்பில் நடத்தும் ஆசிரியர் எவரும் ஒரு பட்டியலைச் சொல்லித்தான் தொடங்குவர். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி. ஆண்பாலாயின் மேலும் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலாயின் அம்மானை, நீராடல், ஊசல். மாணாக்கர் அதனை மனப்பாடம் செய்வர். தேர்வு முடிந்ததும் மறப்பர். இன்ன பருவம் இத்தனையாம் மாதத்திற்கு உரியது என்று பாட்டியல் நூல்கள் வகுத்த கணக்கையோ தேர்வுக்குக்கூடப் படிப்பாரில்லை. அது வெறும் இலக்கணச் சடங்கு என்பது நம்மவர் பலருடைய எண்ணம். நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

அவ்வெண்ணத்தை மாற்றியது ஓர் இலக்கிய நூலன்று. சிங்கப்பூரில் குழந்தை பிறந்ததும் மருத்துவமனையில் கொடுக்கும் சுகாதார ஏடு ஒன்று உண்டு. தடுப்பூசி போட்ட நாள், பிறந்தபோது இருந்த எடை, தலையின் சுற்றளவு எல்லாம் அதில் இருக்கும். நடுவில் சில பக்கங்களில் கட்டம் போட்ட தாளில் வளைகோடுகள் மேனோக்கிச் செல்லும். கீழே வயது, பக்கவாட்டில் எடை அல்லது உயரம். ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் 3, 10, 50, 90, 97 என்பன போன்ற எண்கள் காணப்படும். 50 என்று குறித்த கோட்டில் புள்ளி விழுந்தால், அதே வயதுடைய நூறு குழந்தைகளுள் ஐம்பது பேர் இக்குழந்தைக்குக் கீழே இருக்கிறார்கள் என்பது பொருள். ஒரு புள்ளி சொல்வது மிகக் குறைவு. மாதந்தோறும் வைத்த புள்ளிகளை இணைத்தால்தான் குழந்தை தன் கோட்டிலேயே போகிறதா, கோடுவிட்டுக் கோடு தாவுகிறதா என்பது புலப்படும். பிள்ளைகளின் மிகையெடையைக் கண்காணித்தல் என்பது அடிப்படையில் இவ்வளவுதான்.

இந்தப் பக்கத்தைப் பார்த்தபின் பருவங்களின் மாதக்கணக்கை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். செங்கீரைக்கு ஐந்தாம் மாதம்: குழந்தை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுகிறது. சப்பாணிக்கு ஒன்பதாம் மாதம்: உட்கார்ந்து இரு கையையும் சேர்த்துக் கொட்டுகிறது. வாரானை ஆண்டு நிறைவை ஒட்டியது: தளர்நடை இட்டு வருகிறது. அம்புலிக்குப் பதினெட்டாம் மாதம் என்பர்: நிலவைச் சுட்டினால் அதனைப் பார்க்கவும், அழைத்தால் சேர்ந்து அழைக்கவும் வல்லதாகிறது. பாட்டியல் நூல்களுக்குள் ஓரிரு மாத வேறுபாடு உண்டு. அது இங்கே பெரிதன்று. குழந்தையை ஒருநாள் கண்டு பாடிவிட்டுப் போவதை அவ்விலக்கணம் ஒப்பவில்லை. மாதம் மாதமாகப் பின்தொடர்ந்து, இப்போது என்ன செய்கிறது என்று பார்க்கச் சொல்கிறது.

உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட குழந்தை வளர்ச்சி அளவைகளிலும் இத்தகைய பகுதி ஒன்று இருப்பதைப் பலர் அறியார். பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா என ஆறு நாடுகளில் 1997 முதல் 2003 வரை ஏறத்தாழ 8,500 குழந்தைகளை அளந்து அவற்றை உருவாக்கினர். எடையும் உயரமும் மட்டும் பார்க்கவில்லை. துணையின்றி உட்கார்தல், கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்தல், பற்றி நிற்றல், பற்றி நடத்தல், தனியே நிற்றல், தனியே நடத்தல் என்னும் ஆறு செயல்களையும் பிரேசில் நீங்கலான ஐந்து நாடுகளில் குறித்தனர். ஒவ்வொன்றுக்கும் ஒரே மாதத்தை விதிக்காமல் ஒரு கால எல்லையைக் கொடுத்தனர். தனியே நடத்தலுக்கு எட்டாம் மாதம் தொட்டுப் பதினெட்டாம் மாதம் அளவும் இயல்பு என்பது அவர்கள் கண்டது.

இதனைப் படித்தவுடன் ‘எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே’ என்று மேடையேறிவிட வேண்டா. பாட்டியலார் குழந்தைகளை அளந்தாரல்லர், துலாக்கோலைத் தொட்டாருமல்லர். பிள்ளைத்தமிழின் குழந்தை அரசனாகவோ தெய்வமாகவோ இருப்பது. ஒட்டக்கூத்தர் பாடியது இரண்டாம் குலோத்துங்கனை, குமரகுருபரர் பாடியது மீனாட்சியம்மையை. அக்குழந்தைக்கு நோய் வாராது. ஆகவே அதனை மருத்துவ நூலாக்குவது இலக்கியத்திற்கும் மருத்துவத்திற்கும் ஒருங்கே இழைக்கும் தீங்கு. நான் சுட்ட விரும்புவது ஒன்றே. குழந்தையைக் காலப்போக்கில் பார்க்கும் கண் நம் இலக்கியத்தில் இருக்கிறது; நம் இல்லங்களில் அது மங்கிவிட்டது. அங்கே ஆட்சி செலுத்துவது ‘கொழுகொழு’ என்னும் ஒரு சொல்.

தேக்காச் சந்தையில் ஒரு தாய் குழந்தையோடு காய்கறி வாங்குகிறாள். கடைக்காரப் பாட்டி குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி, “கொழுகொழுன்னு இருக்கான், சுத்திப் போடும்மா” என்கிறார். தாய்க்கு உள்ளம் குளிர்கிறது. கூடவே கண்ணேறு பற்றிய அச்சமும் வருகிறது. இதே குழந்தை சற்று மெலிந்திருந்தால் அதே பாட்டி, “என்னம்மா, பால் பத்தலையா?” என்று கேட்டிருப்பார். தாய் அன்றிரவே பால்மாவை ஒரு கரண்டி கூட்டியிருப்பாள். சிராங்கூன் சாலை நகைக்கடையில் குன்றிமணி அளவு பொன்னையும் துல்லியமாக நிறுத்து வாங்கும் நாம், பிள்ளையின் எடையை வாய்விட்டுச் சொல்லக் கூசுகிறோம். சொன்னால் கண் பட்டுவிடுமாம்! எண்ணைச் சொல்ல மாட்டோம். ‘கொழுகொழு’ என்று மட்டும் சொல்வோம்.

அச்சொல்லின் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. பஞ்சமும் கழிச்சலும் குழந்தைகளை வாரிக்கொண்டுபோன காலத்தில் சதைப்பற்றே உயிர்க்காப்பாக இருந்தது. அதனைப் பழிக்க ஒண்ணாது. ஆயினும் உருண்டை முகம் உடல்நலத்தின் அடையாளம் ஆகாது என்பதை உலகுக்குக் காட்டிய மருத்துவர் ஒருவர் நம் ஊரிலேயே பணியாற்றினார். சிசிலி வில்லியம்ஸ் என்னும் அம்மையார் மேற்காப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டில், இன்றைய கானாவில், ஊட்டக்குறைவால் உடல் வீங்கும் குழந்தை நோயை 1930-களில் ஆராய்ந்து, ‘குவாஷியோர்க்கர்’ என்னும் அவ்வூர் மக்களின் சொல்லையே மருத்துவ உலகிற்கு அளித்தவர். அந்நோயில் கன்னம் உப்பியிருக்கும். உள்ளே உடல் உருகிக்கொண்டிருக்கும். பின்னர் மலாயாவுக்கு வந்த அவர், 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்னும் பொருள்படும் தலைப்பில் உரையாற்றினார். இனிப்பூட்டிய டின் பாலைக் குழந்தை உணவென்று விற்ற வணிகத்தையே அவ்வாறு சாடினார். சீனி கலந்த அந்தப் பாலைக் குடித்த குழந்தைகள் பார்வைக்குப் பருத்திருந்தாலும் உரிய ஊட்டமின்றி நோய்க்கு இரையாயின என்பது அவர் குற்றச்சாட்டு.

வணிகம் மட்டுமன்றி அளவுகோலும் தவறு செய்ததுண்டு. 2006-க்கு முன் உலகெங்கும் கையாண்ட வரைபடத்தில் கைக்குழந்தைகளுக்கு உரிய பகுதி, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், பெரும்பாலும் புட்டிப்பால் குடித்து வளர்ந்த பிள்ளைகளை வைத்து அமைத்தது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தை சில மாதங்களுக்குப் பின் எடையில் சற்று மெதுவாகவே ஏறும், அது இயற்கை. ஆனால் பழைய வரைபடத்தில் அக்குழந்தை பின்தங்கியதாகத் தோன்றும். எனவே நலமாக வளர்ந்த பிள்ளைக்கும் தாய்மார் புட்டியைக் கொடுக்கத் தொடங்கினர். யாரை நடுவில் வைத்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்தே குறையும் மிகையும் தோன்றும். இலக்கியத் திறனாய்வில் நாம் அடிக்கடி சொல்லும் செய்திதான் இது.

இனி ஊட்டும் முறைக்கு வருவோம். சங்க இலக்கியத்தில் இரண்டு காட்சிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். நற்றிணையின் 110-ஆம் பாட்டு போதனார் பாடியது. தேன் கலந்த பாலைப் பொற்கலத்தில் ஏந்தி, மெல்லிய முனையுடைய சிறுகோலை ஓங்கி, ‘உண்’ என்று செவிலியர் மிரட்டுகின்றனர். சிறுமி சிலம்பு ஒலிக்கத் தத்தித் தாவிப் பந்தருக்கு ஓடிவிடுகிறாள். நரைத்த கூந்தலையுடைய செவிலியர் ஓடித் தளர்கின்றனர். மற்றொன்று புறநானூற்றின் 188-ஆம் பாட்டு. பாண்டியன் அறிவுடை நம்பி பாடியது. அங்கே குழந்தை குறுகுறு நடந்து வந்து, தானே கைநீட்டி, நெய்ச்சோற்றைத் தொட்டு, வாயால் கவ்வி, துழாவி, மெய்யெல்லாம் பூசிக்கொள்கிறது. ஊட்டுவார் எவரும் அங்கில்லை.

இவ்விரண்டையும் ‘மக்கட்பேற்றின் இன்பம்’ என்னும் ஒரே தலைப்பின்கீழ்ப் போட்டுவிடுவது நம் உரையாசிரியர் வழக்கம். அவை ஒன்றல்ல. அறிவுடை நம்பியின் குழந்தை பசியளவும் உண்கிறது. நிறைந்ததும் உணவை விளையாட்டுப் பொருளாக்குகிறது. போதனாரின் சிறுமிக்கோ எவ்வளவு உண்பது என்பதைப் பிறர் முடிவு செய்கின்றனர். அவள் வேண்டாவென்று ஓடுவதும் பொருட்படுத்தப்படவில்லை. குழந்தை தரும் பசிக்குறியையும் நிறைவுக்குறியையும் அறிந்து ஊட்டுக என்பது இன்றைய குழந்தை மருத்துவர் கூறும் முதல் அறிவுரை. வாயை மூடிக்கொண்ட பிள்ளைக்கு மேலும் ஒரு கவளம் திணித்துப் பழக்கினால், வயிறு நிறைந்ததென்று உள்ளே எழும் குரலை அது கேளாமலே போகும். முன்பு நிலாவைக் காட்டித் திணித்தோம். இன்று வீவக வீட்டின் பத்தாம் மாடியில் கைப்பேசியைக் காட்டித் திணிக்கிறோம். நிலாவேனும் மறையும்.

திணிப்பு எப்போது மிகுதியாகிறது என்பதும் கருதத்தக்கது. முதலாண்டில் உருண்டு திரண்டிருந்த குழந்தை இரண்டு வயதிற்கு மேல் ஓடியாடி உயரும். சதை வற்றியதுபோல் தோன்றும். உயரத்திற்கு ஏற்ற எடையைக் கணக்கிடும் குறியீடு முதலாண்டின் இறுதியிலிருந்து இறங்கி, ஐந்து ஆறு வயதளவில் மிகத் தாழ்ந்து, அதன்பின் மீண்டும் ஏறுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. இந்த ஏற்றம் உரிய வயதிற்கு முன்னரே தொடங்கிவிட்ட பிள்ளைகளே பின்னாளில் பருமனாகும் வாய்ப்பு மிகுதி என்று பிரெஞ்சு ஆய்வாளர் ரோலான் காஷெராவும் குழுவினரும் 1984-இல் எடுத்துக்காட்டினர். மெலிந்திருக்க வேண்டிய அந்த வயதில்தான் நம் வீட்டுப் பெரியோர், “பிள்ளை இளைச்சுப் போச்சு” என்று பதறுகின்றனர்.

இவ்வாறு ஆறு ஆண்டு ‘கொழுகொழு’ என்று கொண்டாடிய பிள்ளை தொடக்கநிலை ஒன்றில் சேர்கிறது. அங்கே அதற்குக் கிடைக்கும் பெயர் ‘குண்டு’. தமிழாசிரியர்கள் இச்சொல் மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். ‘கொழு’ என்னும் அடி செழிப்பைக் குறிப்பது. கொழுநிழல், கொழுங்கனி என்னும்போது அதில் பழிப்பில்லை. அதே அடியில் பிறந்த ‘கொழுப்பு’ பேச்சு வழக்கில் திமிரையும் குறிக்கும், “உனக்கு என்ன கொழுப்பு!” என்கிறோம். கைக்குழந்தைக்குச் செழிப்பாக இருந்த ஒன்று எட்டு வயதில் குற்றமாகிவிடுகிறது. பிள்ளை மாறவில்லை, ஒரே கோட்டில்தான் ஏறிக்கொண்டிருக்கிறது. நாம்தான் ஒருநாள் காலையில் சொல்லை மாற்றிக்கொண்டோம். மாற்றியதைப் பிள்ளையிடம் சொல்லவுமில்லை.

பள்ளிகளில் இக்குழப்பத்திற்கு ஒரு திட்டமே துணைநின்றது. கல்வி அமைச்சு 1992-இல் ‘ட்ரிம் அண்ட் ஃபிட்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. உயரத்திற்கு உரிய எடையைக்காட்டிலும் நூற்றுக்கு இருபது பங்கு மிகுந்த பிள்ளைகளைப் பிரித்தெடுத்து, அவர்களுக்கென்று தனிப் பயிற்சிகள் அளித்தனர். பல பள்ளிகளில் மற்றப் பிள்ளைகள் விளையாடும் இடைவேளையில், அவர்கள் கண்முன்பாகவே, இவர்கள் ஓடினர். எண்ணளவில் திட்டம் தோற்கவில்லை. 1992-இல் நூற்றுக்கு 14 அளவில் இருந்த மிகையெடைப் பிள்ளைகள் பத்தாண்டில் 10 அளவுக்குக் குறைந்தனர். ஆனால் திட்டத்தின் பெயரே அதனைக் காட்டிக்கொடுத்தது. அதன் ஆங்கில முதலெழுத்துகளைப் பின்னிருந்து படித்தால் ‘கொழுத்தவன்’ என்னும் பொருள்தரும் சொல் வரும். பெயரிட்ட பெரியோர் கவனிக்காததைப் பத்து வயதுப் பிள்ளைகள் முதல்நாளே கவனித்துவிட்டனர். ஏளனம் பற்றிய குறைகள் எழுந்தன. 2007-இல் அத்திட்டம் கைவிடப்பட்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான உடல்நல, மனநல ஏற்பாடு வந்தது.

திட்டத்தை நடத்தியோரின் நோக்கத்தை நான் ஐயுறவில்லை. அவர்கள் அளந்ததும் தவறன்று. தவறு, அளந்த அன்றே பிள்ளையை வேறொரு வரிசையில் நிறுத்தியது. ஏழு ஆண்டில் மெல்ல ஏறிய கோட்டை, அதன் முடிவில் நின்ற ஒரு புள்ளியாகச் சுருக்கி, அப்புள்ளிக்கு ஒரு பெயரும் இட்டனர். அதற்கெதிராகச் சிலர் அளப்பதே பாவம் என்பதும் எனக்கு உடன்பாடன்று. தனி வரிசை போனபின் எண்கள் மீண்டும் ஏறின என்பதை மறைக்க வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளைகளுள் மிகையெடையுடையோர் 2017-இல் நூற்றுக்கு 13, 2021-இல் 16. இரண்டாவது எண்ணில் நோய்த்தொற்றுக் காலத்து வீட்டடைவுக்கும் பங்கு இருக்கலாம். இவ்விரண்டு எண்களுக்கும் இடையே மறைந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் ஏதோ ஒரு வீட்டில் கொஞ்சப்பட்ட பிள்ளை.

தமிழர்க்கு இதில் தனிக் கவலை உண்டு. 2010-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, சிங்கப்பூர் இந்தியருள் நூற்றுக்கு 17.2 பேருக்கு நீரிழிவு இருந்தது, சீனருள் 9.7. இதன் வேர் எவ்வளவு இளமையில் தொடங்குகிறது என்பதைப் புனே நகர ஆய்வாளர் யாஜ்னிக்கும் குழுவினரும் 2003-இல் காட்டினர். அங்குப் பிறந்த குழந்தைகள் சராசரி 2.7 கிலோ; ஒப்பிட்ட ஆங்கிலக் குழந்தைகள் 3.5 கிலோ. எடையில் இவ்வளவு குறைந்தும், தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவு குறையவில்லை; குறைந்தது தசை. மெலிந்த உடலுக்குள் கொழுப்பு! சிங்கப்பூரிலும் 2009-இல் தொடங்கி, கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் ‘கஸ்டோ’ ஆய்வில், இந்தியக் குழந்தைகளின் வயிற்றுப் பகுதியில் தோலடிக் கொழுப்புச் சீனக் குழந்தைகளைவிட மிகுதியாக இருந்தது பிறந்த சில நாளிலேயே தெரியவந்தது. (தேக்காவை அடுத்த அம்மருத்துவமனையில் 1966-ஆம் ஆண்டு மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன, இதைப் படிக்கும் ஆசிரியர்கள் சிலரும் அக்கணக்கில் இருக்கக்கூடும்.) ஆகவே ‘கொழுகொழு’ என்று கண்ணால் கண்டு சொல்வதும் ‘ஒல்லி’ என்று கண்டு சோறு திணிப்பதும் நம் பிள்ளைகள் செய்தியில் இருமடங்கு பிழை. கண்ணுக்கு அது தெரியாது. எடையும்கூடப் பாதிதான் தெரிவிக்கும். வரைகோட்டை விடாது பின்தொடர்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

என் பேத்தியின் சுகாதார ஏட்டைச் சென்ற மாதம் எடுத்துப் பார்த்தேன். பிறந்த நாள் தொட்டு ஒழுங்காகப் புள்ளிகள் இருந்தன. தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் தாதி நிறுத்துக் குறித்தவை. பதினெட்டாம் மாதத் தடுப்பூசியோடு அவை நின்றுவிட்டன. பிள்ளைத்தமிழ்க் கணக்கில் அது அம்புலிப் பருவம். அதன்பின் சிற்றிலும் அம்மானையும் ஊசலுமாகிய ஆண்டுகளுக்குத் தாள் வெறுமையாகக் கிடந்தது. இடையில் செய்ய வேண்டிய வளர்ச்சிச் சோதனையை நாங்கள்தாம் ‘பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறாள்’ என்று தள்ளிப்போட்டிருக்கிறோம். இந்த இடைக்காலம் முழுதும் என் மனைவி, “இளைச்சுட்டா, இன்னொரு வாய்” என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது, நானும் தடுக்கவில்லை. பலதுறை மருந்தகத்தில் நிறுத்து, உயரம் பார்த்து, நான்கு வயதிற்குரிய புள்ளியை வைத்தனர். பழைய புள்ளிகள் 50-ஆம் கோட்டை ஒட்டிச் சென்றவை. புதியது 90-ஆம் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. எந்த மாதத்தில் ஏறத் தொடங்கியது என்று தாதி கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. எடையைக் குறைக்க முயல வேண்டா, உயரம் வளர்ந்து எடையை எட்டிப்பிடிக்கட்டும், சீனிப் பானத்தை நிறுத்துங்கள், வேண்டாம் என்றால் தட்டை எடுத்துவிடுங்கள் என்றார். இவையெல்லாம் பேசும்போது பேத்தியை வேறொரு தாதி வெளியே அழைத்துப்போய் விளையாட்டுக் காட்டினார். மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.